தீர்மானப்படி விழுந்த பனி

பெல்டனில் பனி விழ வேண்டுமென்றால் அது முதலில் சங்கத்தில் நிறைவேற வேண்டும். இந்த ஏற்பாடு வானத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதனால் பனி தன் இஷ்டத்துக்கு விழுந்துகொண்டும் விழாமலும் இருந்தது. சங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முழுப் பெயர் பெல்டன் பனி நோக்கர் சங்கம். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே ஒரே ஒரு கடைத்தெருவும் இரண்டு சர்ச்சும் உள்ள அந்த ஊரில், குளிர்காலத்தில் இதைவிடப் பெரிய அமைப்பு கிடையாது. நகர சபைக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள்; அதிலும் சிலர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். சங்கக் கூட்டத்துக்கோ நாற்காலி போதாது.

நார்பர்ட் பெல்ரோஸ் அந்த ஊரில் சலூன் வைத்திருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். நாற்காலியில் உட்காருகிறவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போட்டு ஆமாம் போட்டு, கடைசியில் அதையெல்லாம் நம்பவும் பழகியிருந்தார். அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள ஊர் ஈஸ்ட் ஹாரோ. அங்கே பள்ளிக்கூடச் சமையலறையைக் கட்டி ஆளும் கிளோடெட்டுக்கும் நார்பர்ட்டுக்கும் போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அந்த வாரம் சங்கத் தலைவர் தாடியஸ் விட்கம் முடிவெட்ட வந்தார். கழுத்தில் துணி கட்டிய நிலையிலேயே, சனிக்கிழமை பனி இரண்டடிக்குக் குறையாது, கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள் என்று அறிவித்தார். நார்பர்ட் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். சனிக்கிழமை சுள்ளென்று வெயில் அடித்தது. கிளோடெட் கல்யாணக் கேக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போன் செய்தாள்.

"இந்தா நார்பர்ட், நல்லாக் கேட்டுக்க. ஜனவரில இன்னொரு தேதி வைக்கிறேன். அன்னிக்கும் எவனோ வரைபடத்தப் பாத்துச் சொன்னான்னு நீ வராம இருந்தா, அப்புறம் வரவே வேண்டாம். எனக்கு வானிலை வேண்டாம். மாப்பிள்ளை வேணும்."

அந்த ஜனவரிச் சனிக்கிழமை நெருங்கும்போதுதான் அட்லாண்டிக் கரையோரம் ஒரு பனிப்புயல் கிளம்பி வருகிறது என்று பேச்சு எழுந்தது. வெள்ளிக்கிழமையே போய்விடுவதா, சனிக்கிழமை காலையில் போனால் போதுமா என்பது மட்டும்தான் நார்பர்ட்டுக்குத் தெரிய வேண்டும். இந்த முறை சலூன் பேச்சை நம்பக் கூடாது, நேராகச் சங்கத்திலேயே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தார். மார்ச் மாதமும் அவர் கேட்டது சங்கத் தலைவரின் வாயிலிருந்துதான் என்பது ஏனோ அவருக்குத் தோன்றவில்லை.

கேள்வி கேட்க வேண்டுமென்றால் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றார்கள். உறுப்பினரானார். சங்கத்தின் பித்தளை அளவுகோலின் மேல் வலது கையை வைத்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார். பனிக்காலம் முடியும்வரை வெயிலைப் புகழ மாட்டேன். புயல் வருமுன் பனி வாரும் ஷவலோ சாலையில் தூவும் உப்போ வாங்கிப் புயலை அவமதிக்க மாட்டேன். அளவுகோலைச் சாய்த்துப் பிடிக்க மாட்டேன். இந்தக் கடைசி வரி ஈஸ்ட் ஹாரோக்காரர்களை நினைத்து எழுதப்பட்டது. அவர்கள் சாய்த்துப் பிடித்துத்தான் போன வருஷம் பெல்டனைவிட அதிகம் பனி காட்டினார்கள் என்பது சங்கத்தின் முடிவு. அந்த ஊரின் பெயரைச் சங்கத்தில் யாரும் சொல்வதில்லை. அந்தப் பக்கம் என்பார்கள்.

சங்க மண்டபத்தின் ஜன்னல்கள் எல்லாம் கனத்த திரையால் மூடியிருந்தன. ஏன் என்று பக்கத்திலிருந்தவரிடம் நார்பர்ட் கேட்டார். வெளியே பார்த்தால் கணிப்பு கெட்டுவிடும் என்று அவர் காதோடு சொன்னார். ஒரு வருஷம் கூட்டத்தின் நடுவில் யாரோ வெளியே பார்த்துவிட்டு நட்சத்திரம் தெரிகிறது என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து சங்கம் மீண்டுவர ஒரு குளிர்காலம் பிடித்ததாம்.

வரைபட அதிகாரி கைல் பெல்லமி சுவரில் ஆறு கணினி வரைபடங்களை ஒட்டினார். ஐந்தில் புயல் பெல்டனைத் தொடாமல் கிழக்கே ஒதுங்கிப் போயிற்று. ஒன்றில் மட்டும் பெல்டனின் மேல் முப்பது அங்குலம் கருஞ்சிவப்பாகக் கொட்டிக்கிடந்தது. கைல் அந்த ஒன்றைத் தடவிக் கொடுத்தார்.

"இதுதான் விஞ்ஞானம். மத்த அஞ்சும் இன்னும் புயலச் சரியா ஜீரணிக்கல."

முப்பது அங்குலம் என்று தீர்மானம் முன்மொழியப்பட்டது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, ஊரில் ஆறு ஓடுகிறது, அதன் ஈரத்துக்காக ஆறு அங்குலம் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். முப்பத்தாறு ஒருமனதாக நிறைவேறியது. கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தலைவர் பேசினார். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்பவர்கள் வாயைத் திறந்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், பதில் பேச மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர் குரலில் இன்னும் இருந்தது.

"நண்பர்களே, நாம ஊருக்குச் சேவை செய்யறவங்க. போன குளிர்காலம் பதினோரு பெரும்புயல் அறிவிச்சோம். அதுல எத்தன வந்துச்சுன்னு சில பேர் கேக்கறாங்க. கேக்கட்டும். வர்றது புயலோட பொறுப்பு. அறிவிக்கறதுதான் நம்ம பொறுப்பு. நாம நம்ம பொறுப்புல ஒரு தடவகூடத் தவறினதில்ல."

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து நார்பர்ட் எழுந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு எனக்குக் கல்யாணம், அந்தப் பக்கத்தில், எப்போது கிளம்பினால் நல்லது என்று கேட்டார்.

தலைவர் மிகவும் மகிழ்ந்துபோனார். இப்படிப்பட்ட பயனுள்ள கேள்வி சங்கத்தில் கேட்கப்பட்டு வெகுநாளாகிறது என்றார். அதைப் பயணத் துணைக்குழுவுக்கு அனுப்பிவைத்தார். துணைக்குழு ஞாயிற்றுக்கிழமை கூடும் என்றார்.

மறுநாள் கடைகளில் ரொட்டியும் பாலும் தீர்ந்துபோயின. சங்கத்து மனைவிமார்கள் கொல்லைப்புறத்தில் பாலை அடுக்கிவைத்தார்கள். பனி வேண்டுமென்று பள்ளிப் பிள்ளைகள் பைஜாமாவை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, தலையணைக்கடியில் கரண்டி வைத்துத் தூங்குவது அந்த மலைப் பிரதேசமெங்கும் உள்ள வழக்கம். சங்கம் அதைப் பெரியவர்களுக்கும் கட்டாயமாக்கியது. வங்கி மேலாளர் கால்சட்டைக்குள் பைஜாமாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அலுவலகம் வந்தார். கவுண்டருக்குப் பின்னாலிருந்து காலைத் தூக்கி, தையலைக் காட்டிய பிறகுதான் இன்னொரு உறுப்பினருக்குக் காசோலையை மாற்றிக் கொடுத்தார்.

பள்ளிகளின் கண்காணிப்பாளரும் உறுப்பினர்தான். முப்பத்தாறு அங்குலத்தை முன்னிட்டு வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டார். வெள்ளிக்கிழமை காலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்து விளையாடினார்கள். சங்கம் அவசரமாகக் கூடி, வெயில் எவ்வளவு கடுமையோ புயல் அவ்வளவு பெரிது என்று கண்டறிந்தது.

நார்பர்ட் காரில் கல்யாணக் கோட்டை மாட்டிவைத்துவிட்டார். முப்பத்தாறு அங்குலம் வருமென்றால் இப்போதே போய்விட வேண்டும். வராது என்றால் நாளைக்குப் போகலாம். எப்படிப் பார்த்தாலும் இப்போதே போவதில் தப்பில்லை என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, தலைவர் சலூன் வாசலில் நின்றார்.

நார்பர்ட்டை விளக்கு அதிகாரியாக நியமித்திருந்தார்கள். சங்கத்தில் அதைவிடக் கௌரவமான பதவி கிடையாது. மண்டபத்துக்கு எதிரே உள்ள தெருவிளக்கு எரிய ஆரம்பித்ததும் அதன் எதிரே நின்று, வெளிச்சத்தில் முதல் பனித்துகள் விழுவதைக் கண்டு உள்ளே வந்து சொல்ல வேண்டும். அதுவரை நகரக் கூடாது.

"தலைவரே, நான் கிளம்பணுமே."

"தாராளமாக் கிளம்பு. பனி விழ ஆரம்பிச்ச அடுத்த நிமிஷம் நீ போகலாம். யார் தடுக்கப் போறா?"

பனி விழ ஆரம்பித்த பிறகு எப்படிப் போவது என்று கேட்க நார்பர்ட் வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் அவர் கழுத்தில் சங்கத்தின் விசிலை மாட்டிவிட்டார்.

நாலரை மணிக்கு இருட்டியது. விளக்கு எரிந்தது. நார்பர்ட் அதை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கழுத்து வலித்தது. வீட்டுக்குப் போகிறவர்கள் நின்று, அவரையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் பல்பு போய்விட்டதா என்று விசாரித்தார்.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்துக்குள் வெள்ளையாக ஒன்று மிதந்து இறங்கியது. நார்பர்ட் விசிலை ஊதிக்கொண்டு உள்ளே ஓடினார். மண்டபம் அதிர்ந்தது. சூடான ஆப்பிள் சாறு ஊற்றினார்கள். முன்பின் பேசிக்கொள்ளாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். கைல் அந்தத் துகளைக் கறுப்பு வெல்வெட்டின் மேல் வாங்கி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அது நார்பர்ட்டின் ஜாக்கெட் தையல் பிரிந்து வெளியே வந்த வாத்து இறகு.

யாரும் சிரிக்கவில்லை. அது முன்னோடித் துகள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனாலும் காவல் தொடர வேண்டும் என்று நார்பர்ட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவர் மறுபடி விளக்கின் எதிரே போய் நின்றபோது கிளோடெட் போனில் கூப்பிட்டாள். அங்கே மத்தியானத்திலிருந்து பனி கொட்டுகிறது என்றாள். அவள் தம்பி மார்செல் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கணவாய்ச் சாலையில் பனியை ஒரு முறை தள்ளிவிட்டு உச்சியில் நிற்கிறான். ஏழு மணிவரைக்கும் நிற்பான், அப்புறம் சாலையை மூடிவிடுவார்கள்.

"நீ இப்ப எங்க இருக்க?"

"தெருவிளக்குக்கு எதிர்ல."

"அங்க என்ன?"

"பாத்துக்கிட்டு நிக்கறேன்."



"எங்க ரெண்டு பேர்ல யாரக் கட்டிக்கப் போற, நார்பர்ட்? விளக்கையா, என்னையா? ஏழு மணிக்குள்ள முடிவு பண்ணிக்க."

நார்பர்ட் உள்ளே போனார். அந்தப் பக்கத்தில் பனி விழுகிறதாம், எனக்கு விடை கொடுங்கள் என்றார். யாரோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"சொன்னது யாரு?" என்றார் தலைவர். "உறுப்பினரா?"

"நான் கட்டிக்கப் போறவங்க."

"அளந்தாங்களா?"

"முழங்காலுக்கு வருதாம்."

"முழங்கால் அளவுகோல் இல்லப்பா."

கைல் வரைபடத்துக்குப் போய் ஈஸ்ட் ஹாரோ இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க வெறும் சாம்பல் கலர்தான். பனியே கிடையாது. அந்தம்மா தப்பான ஊர்ல இருக்காங்களோ என்னமோ."

கிளோடெட் அந்த ஊரில்தான் பிறந்தாள் என்று நார்பர்ட் சொன்னார். அது சான்றாகாது என்றார்கள். வேண்டுமானால் அரை நிமிஷம் திரையை விலக்கி, மலைக்கு மேல் வானம் எப்படியிருக்கிறது என்று பார்க்கலாமே என்றார். முன்வரிசையில் ஒரு பெண்மணி மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் பனி விழவில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதன் மேல் ஒரு திருத்தம் வந்தது: விழவில்லை என்பதோடு, விழப்போவதுமில்லை என்று சேர்க்க வேண்டும். திருத்தத்தின் மேல் ஒரு திருத்தம் வந்தது. விளக்கு அதிகாரிக்கு விடை கொடுப்பதானால் அடுத்த அதிகாரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழு என்பது இதுதானா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. நார்பர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இன்றைக்கு மட்டும் அது வந்துவிடுமா என்று நினைத்துப் பார்த்தார். வரவில்லை. ஆனால் கால் வாசலைப் பார்த்து நடந்தது.

"ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க," என்றார் தலைவர்.

எல்லாரும் தூக்கினார்கள். நார்பர்ட்டும் சட்டைப் பையிலிருந்து எடுத்த கார் சாவியோடு கையைத் தூக்கிக்கொண்டே வெளியே போனார். கைல் அதையும் எண்ணிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் பனி விழவில்லை என்பது நார்பர்ட்டின் வாக்கையும் சேர்த்து ஒருமனதாக நிறைவேறியது.

கணவாயின் உச்சிவரை சாலை காய்ந்து கிடந்தது. உச்சியில் திரும்பியதும் உலகமே வெள்ளையாகிவிட்டது. மஞ்சள் விளக்கு சுழல, மார்செலின் வண்டி சாலையோரம் நின்றது. அவன் கண்ணாடியை இறக்கி, உதட்டில் சிகரெட்டோடு எட்டிப் பார்த்தான்.

"வாங்க அத்தான். உங்க ஊர் விளக்கெல்லாம் ஒழுங்கா எரியுதா? நிம்மதியா விட்டுட்டு வந்தீங்களா?"

நார்பர்ட்டின் கார் அவன் வண்டிக்குப் பின்னாலேயே மெதுவாக இறங்கியது. பின்னால் சாலையை மூடினார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது ஈஸ்ட் ஹாரோவில் பனி நார்பர்ட்டின் இடுப்பளவுக்கு நின்றது. சர்ச் எங்கே இருக்கிறது என்று அதன் கோபுரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவரும் மார்செலும் ஆளுக்கொரு ஷவலை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து பாதை வெட்டினார்கள். கல்யாணக் கோட்டின் முதுகு நனைந்துவிட்டது. கிளோடெட்டின் தோழிகள் ஜன்னலிலிருந்து, மாப்பிள்ளைக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்று கேலி செய்தார்கள். பாதை முடியும் நேரத்தில் தலைவர் போனில் கூப்பிட்டார்.

பெல்டனில் எதுவும் விழவில்லை. வெயில் அடிக்கிறது. சங்கம் காலையிலிருந்து கூடியிருக்கிறது. அதில் கைல் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்: சங்கத்தின் விதிப்படி உறுப்பினர் நிற்கும் இடம் எதுவோ அதுவே சங்கத்தின் அளவை நிலையம். ஆகவே நார்பர்ட் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பனி பெல்டனின் கணக்கில் சேரும்.

நேற்றைய தீர்மானம் என்னவாயிற்று என்று நார்பர்ட் கேட்டார். அது அப்படியேதான் இருக்கிறது என்றார் தலைவர். அங்கே அவர்களுக்குப் பனி விழவில்லை. நமக்குத்தான் விழுந்திருக்கிறது.

"ஒரு அளவுகோல நட்டு அளந்து சொல்லு. யாரையும் கிட்ட விடாத. யாரும் வாரக் கூடாது. அது இப்ப நம்ம பனி."

"வாரியாச்சே தலைவரே."

"எதையா?"

"எல்லாத்தையும்தான். பாதிரியார் உள்ள வரணும்ல."

தலைவர் கெஞ்சுகிற குரலில் கேட்டார்:

"வாரறதுக்கு முன்னாடி அளந்தியா?"

"இல்ல. என் இடுப்புக்கு இருந்துச்சு."

"உன் இடுப்பு எவ்வளவு உயரம்? கோட்டக் கழட்டிட்டு ஒரு தடவ அளந்து..."

உள்ளே பியானோ வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நார்பர்ட் போனைக் காதிலிருந்து எடுத்துப் பக்கத்துப் பனிக்குவியலின் மேல் வைத்தார். அது தலைவரின் குரலோடு மெல்ல உள்ளே இறங்கிப் போயிற்று. மேலே ஒரு சின்னத் துவாரம் மட்டும் தெரிந்தது. அவர் காலைத் தட்டி உதறிவிட்டு உள்ளே போனார்.

நார்பர்ட் ஊருக்குத் திரும்பியதும் சங்கத்தில் விசாரணை நடந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். குற்றங்கள் இரண்டு: விளக்கை அநாதையாக விட்டது, சங்கத்துக்குச் சொந்தமான பனியை அளக்காமல் அழித்தது. நார்பர்ட்டின் விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்தச் சனிக்கிழமைக்கான சங்கப் பதிவு படிக்கப்பட்டது. பெல்டனில் முப்பத்தாறு அங்குலம். அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. பெல்டனில் அவ்வளவு பனி இருந்ததால் ஊரைவிட்டு யாரும் வெளியே போயிருக்க முடியாது. ஆகவே அன்றைக்கு அந்தப் பக்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கல்யாணம் நடக்கவில்லை.

கிளோடெட் அதுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நாலு நாளா என் வீட்டுல குறட்டை விடறது யாரு?"

அதற்கு ஆதாரமாக வரைபடம் ஏதாவது உண்டா என்று கைல் கேட்டார்.

சில வாரங்கள் கழித்துத் தலைவர் விட்கம் சலூனுக்கு வந்தார். வராமல் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் பெல்டனில் வேறு சலூன் கிடையாது. அடுத்தது அந்தப் பக்கத்தில் இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைக் காட்டினார். தலையின் உச்சியில் கொஞ்சமாக மிச்சமிருந்த முடியை ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம்வரை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, பல வருஷமாகக் காப்பாற்றி வந்தார்.

"ஓரம் மட்டும் எடு. மேல கை வைக்காத."

நார்பர்ட் தலையாட்டினார். துணியைக் கட்டினார். ஒரு துண்டை எடுத்து எதிரிலிருந்த கண்ணாடியின் மேல் போட்டார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மெஷினை எடுத்து நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை நேராக ஒரு பாதை வெட்டினார். சர்ச் வாசலில் வெட்டிப் பழகிய கை, கோணாமல் போயிற்று. பிறகு இரண்டு பக்கமும் வாரி ஒதுக்கினார்.

"என்னப்பா, மேல சில்லுனு இருக்கு?"

"வெளிய குளிர் ஜாஸ்தி தலைவரே."

"கண்ணாடிய ஏன் மூடி வச்சிருக்க? எடு அத."

"பாத்தாக் கணிப்பு கெட்டுடும்."

தலைவர் வாயைத் திறந்தார். நார்பர்ட் சீப்பை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சங்கத்தில் நிற்பதுபோல் நின்றார்.

"மேல ரெண்டு அங்குலம் இருக்குன்னு நான் முன்மொழியறேன்."

கல்லாவில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த கிளோடெட் நிமிராமலே, "நான் வழிமொழியறேன்," என்றாள்.

"ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

கிளோடெட் ஊசியோடு கையைத் தூக்கினாள். நார்பர்ட்டும் தூக்கினார். துணிக்கு அடியிலிருந்து தலைவரின் கையும் மெல்ல மேலே வந்தது. பழக்கத்தில் தூக்கினாரோ, தடவிப் பார்க்கத் தூக்கினாரோ தெரியாது. நார்பர்ட் அதையும் எண்ணிக்கொண்டார்.